ஃபெஸ் பழைய நகரில் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொராக்கோவுக்குச் செல்லும் பயணிகளில் பலர் காசாபிளாங்காவிலோ ரபாத்திலோ தங்கிக்கொண்டு, ஃபெஸ் நகருக்கென்று ஒரே ஒரு பகற்பொழுதை ஒதுக்குகிறார்கள். பிற தவறுகள் பெரும்பாலும் இந்த அவசரத்திலிருந்தே பிறக்கின்றன. காசாபிளாங்காவிலிருந்து ரயிலில் வருவதற்கே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். திரும்பும் பயணத்தையும் கழித்துவிட்டால், எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்ரீசு வம்சத்தினர் நிறுவிய ஒரு நகரத்துக்கு மிஞ்சுவது சில மணி நேரமே. 1981இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தாலும், ஃபெஸ் அல் பாலி எனப்படும் இந்தப் பழைய நகரம் அருங்காட்சியகம் அன்று. தோல் பதனிடுவோரும் செம்பு அடிப்போரும் ரொட்டி சுடுவோரும் இன்றும் தொழில் செய்து வாழும் ஊர் அது. குறைந்தது இரண்டு இரவுகளாவது மதிலுக்குள்ளேயே தங்குவது நல்லது.

அடுத்த தவறு, கைபேசி வரைபடத்தை முழுவதும் நம்புவது. உயர்ந்த சுவர்களுக்கிடையே இருவர் ஒதுங்கிச் செல்லவும் இடமில்லாத சந்துகளில் ஜிபிஎஸ் அடிக்கடி பிசகி, பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டும். அதைவிட நம்பகமானது நிலத்தின் சரிவு. மேற்கே உள்ள பாப் பூ ஜெலூத் என்னும் நீல வாசலிலிருந்து தலா கபீரா, தலா ஸகீரா என்னும் இரு முதன்மைத் தெருக்களும் கீழ்நோக்கி இறங்கி, கரவியீன் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைவீதிகளை அடைகின்றன. வழி தவறியவர் இறங்கினால் நகரின் நடுப்பகுதிக்கும், மேற்கே ஏறினால் நீல வாசலின் பக்கத்துக்கும் பெரும்பாலும் வந்துவிடலாம். கீழே உள்ள ரசீஃப் சதுக்கம் வரை டாக்சிகள் வருவதால், களைத்தவர்கள் மறுபடியும் மேடேற வேண்டியதில்லை. நடக்கையில் பின்னாலிருந்து “பாலாக்” (“வழிவிடு”) என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே சுவரோரம் ஒதுங்க வேண்டும்; வருவது சுமையேற்றிய கோவேறு கழுதையாக இருக்கும், அது நமக்காக நிற்காது.

வழி தெரியாமல் நிற்பவரிடம், “அந்தப் பாதை மூடியிருக்கிறது, நான் அழைத்துச் செல்கிறேன்” என்று சொல்லி யாரேனும் வருவார்கள். பாதை பெரும்பாலும் மூடியிருக்காது. இந்தியர் என்று தெரிந்ததும் இந்தித் திரைப்பட நடிகர்களின் பெயரைச் சொல்லி அன்போடு பேச்சைத் தொடங்குவோரும் உண்டு. அந்த அன்பு பலரிடம் உண்மையானதுதான் என்றாலும், சிலரிடம் அது ஒரு கம்பளக் கடையில் போய் முடியும். வழி கேட்பதானால் கடையில் அமர்ந்து வியாபாரம் செய்பவரிடம் கேட்பது நல்லது. கடையை விட்டுவிட்டு அவர் நம்முடன் வரப்போவதில்லை. வழிகாட்டி தேவையென்றால், அரசு அங்கீகார அட்டை உடையவரைத் தங்கும் விடுதி மூலமாக அமர்த்தி, கட்டணத்தையும், கடைகளுக்கு அழைத்துச் செல்லக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

சுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்கச் செல்வோர்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள். தொட்டிகளைச் சுற்றியுள்ள தோல்பொருள் கடைகளின் மாடிகளிலிருந்தே அவற்றைப் பார்க்க முடியும். நுழைவுக் கட்டணம் என்று ஒருவர் வாசலில் பெருந்தொகை கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். மாடியேற்றிக் காட்டியவருக்குச் சிறு தொகை கொடுப்பது முறை. அதற்காகத் தோல்பை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் தோலை ஊறவைத்து மயிர் நீக்கி மென்மையாக்கிய பிறகே சாயம் ஏற்றுகிறார்கள். வீச்சத்தைத் தாங்கக் கையில் ஒரு கொத்துப் புதினா கொடுப்பார்கள். முழங்கால் வரை தொட்டிக்குள் நின்று உழைப்பவர்களின் எதிரே மூக்கைப் பொத்திக்கொண்டு படமெடுப்பது, புதினா கையில் இருக்கும்போதும், அநாகரிகமே.

சமய இடங்கள் குறித்த தவறு அறியாமையால் நேர்வது. மொராக்கோவில் மிகச் சில பள்ளிவாசல்களைத் தவிர மற்றவற்றில் முஸ்லிம் அல்லாதவர்கள் நுழைய அனுமதியில்லை. 859இல் பாத்திமா அல் ஃபிஹ்ரி நிறுவியதாக மரபு கூறும் கரவியீனின் முற்றத்தையும் அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். தமிழ் முஸ்லிம் பயணிகளுக்கு இத்தடை இல்லை. ஆனால் வாசலோடு திரும்பிவிடுபவர்கள், பயணிகளுக்குத் திறந்திருக்கும் அத்தாரீன், பூ இனானியா மதரசாக்களைத் தவறவிடுகிறார்கள். பூ இனானியாவைக் கட்டிய மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படிதான், மதுரை சுல்தானின் அரசவையையும் இலங்கையின் சிவனொளிபாத மலையையும் கண்டு திரும்பிய பதினான்காம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா தம் பயணங்களைச் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் நூலாக எழுதினார். தமிழ்நாட்டு வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்கள் பூ இனானியாவின் முற்றத்தில் சற்று நேரம் செலவிடலாம்.

நாள் தேர்வும் முக்கியம். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு பெரும்பாலான கடைகள் மூடிவிடும். வாங்குவதற்கு அது பொருந்தாத நாள், நெரிசலின்றி நடப்பதற்கு மிகவும் உகந்த நாள். ரமலான் மாதத்தில் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைப்பதால், அம்மாதம் தொடங்கும் அல்லது முடியும் நாட்களை ஒட்டிப் பயணம் செய்பவர்கள் ரயில், விமான நேரங்களை இருமுறை சரிபார்க்க வேண்டும். கோடையில் வெயில் கடுமையாக இருக்கும் என்பது பலருக்கும் தெரியும்; குளிர்காலத்தில் முற்றம் திறந்த பழைய வீடுகளில் உடல் நடுங்கும் என்பதை எதிர்பாராமல் மெல்லிய உடைகளோடு வருபவர்களே அதிகம்.

பேரத்தில் ஒரு விலையை நாமே சொல்லி, கடைக்காரர் அதற்கு ஒப்புக்கொண்ட பின் வாங்காமல் எழுந்துவிடுவது அங்கு மரியாதைக் குறைவாகக் கருதப்படும். மனமில்லையெனில் விலையே சொல்லாதிருப்பது மேல். சிறு கடைகளில் அட்டை செல்லாது என்பதால் சில்லறை திர்ஹம்களை வைத்திருக்க வேண்டும். சக்கரப் பெட்டிகளைக் கல் பாவிய சரிவுகளில் இழுத்துத் துன்பப்படுவதைவிட, வாசலருகே நிற்கும் தள்ளுவண்டிக்காரரிடம் கூலி பேசி ஒப்படைப்பது எளிது.

சைவ உணவினர் மண்சட்டியில் வேகவைக்கும் தஜீன் என்னும் உணவைக் காய்கறித் தஜீன் என்று கேட்டு வாங்கினாலே போதும் என எண்ணுகிறார்கள். அது இறைச்சிச் சாற்றில் வெந்ததாகவும் இருக்கலாம். ஹரீரா சூப்பிலும் இறைச்சி சேர்வது வழக்கம். பாஸ்தீயா என்னும் மாவு அடை, சர்க்கரையும் பட்டையும் தூவியிருந்தாலும், மரபாகப் புறா இறைச்சி வைத்துச் செய்யப்படுவது. “இறைச்சி வேண்டாம்” என்பதோடு நிறுத்தாமல், இறைச்சிச் சாறும் கூடாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். காலை வேளையில் தெருவோரக் கடைகளில் ஆலிவ் எண்ணெயும் சீரகமும் சேர்த்துத் தரும் பிஸாரா என்னும் அவரைப் பருப்புக் கூழ், கேட்டு உறுதிசெய்துகொண்டால், ரொட்டியோடு வயிறு நிறையச் சாப்பிடக்கூடிய மலிவான சைவ உணவாகும்.