வெளிமூச்சில் நோயைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மூச்சுப் பகுப்பாய்வைச் சுலபமான வேலை என்றுதான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, பையைக் கொடுத்து ஊதச் சொன்னால் முடிந்தது. ஊதுகிறவருக்குச் சுலபம்தான். 1971-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் மனித மூச்சில் ஏறத்தாழ 250 சேர்மங்கள் இருப்பதைக் காட்டினார்கள். இன்று அந்தப் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அவற்றில் பலவும் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அந்த நுணுக்கத்தில் அளக்கத் தொடங்கினால், நோயாளி காலையில் குடித்த காபியும் சுவருக்கு அடித்த பெயின்ட்டும் நோய்க்கு முன்னால் வந்து நிற்கும்.

பையின் வால்வை மூட மறப்பது, லேபிளை மாற்றி ஒட்டுவது இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும்.

நோயாளியை வார்டில், மற்றவரை ஆய்வுக்கூடத்தில் ஊதவைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நுரையீரல் புற்றுநோயாளிகள் வார்டில் படுத்திருப்பார்கள். காலையில் அங்கேயே போய் மாதிரி எடுப்பார்கள். ஒப்பிட ஆரோக்கியமானவர்கள் வேண்டுமே? சக மாணவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் என்று கிடைத்தவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆய்வுக்கூடத்திலேயே ஊதவைப்பார்கள். கணினியில் போட்டால் இரண்டு குழுவும் பிசிறில்லாமல் பிரிந்துவிடும். எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்படிப் பிரிந்த ஒரு வரைபடத்தை ஓர் இளைஞர் என் மேசைக்குக் கொண்டுவந்தார். பிரிப்பதற்கு அதிகம் கைகொடுத்தது எந்தச் சேர்மம் என்று வரிசைப்படுத்திக் காட்டச் சொன்னேன். முதலிடத்தில், சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் சீக்கிரமே வந்துவிடும் உயரமான ஒரு முகடு. மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தால் 45-இல் பெரிய கோடு. ஐசோபுரோப்பனால்! வார்டில் கட்டிலுக்குக் கட்டில் மாட்டியிருக்கும் சானிடைசர். அடுத்தது லிமோனீன். தரை துடைக்கும் எலுமிச்சை மணத் திரவம்.

“சார், நோயாளிகள் எல்லோரிடமும் இருக்கிறதே, அப்போது அது நோயின் அடையாளம்தானே?” என்றார்.

“வார்டு நர்ஸ் ஊதியிருந்தால் அவருக்கும் புற்றுநோய் என்றுதான் உங்கள் மாடல் சொல்லியிருக்கும்” என்றேன்.

இதில் நஷ்டம் வரைபடத்தோடு போகவில்லை. மூச்சிலுள்ள சேர்மங்களை ஒட்டவைத்துப் பிடிக்கும் டெனாக்ஸ் தூள் நிரப்பிய குழாயைச் சூடாக்கி ஒரு தடவை ஓட்டிவிட்டால் மாதிரி தீர்ந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால், அந்த நோயாளிகளில் பலருக்கு அதற்குள் கீமோதெரபி தொடங்கியிருந்தது. சிகிச்சைக்கு முந்தைய மூச்சை இனி எங்கே போய் வாங்குவது?

“அறைக்காற்றைக் கழித்துவிட்டால் போச்சு” என்று உடனே ஒருவர் சொல்வார். கழிக்கலாம், ஆனால் கணக்கு அவ்வளவு நேர்மையானதல்ல. உள்ளே போன ஐசோபுரோப்பனால் அப்படியே திரும்பி வருவதில்லை. கொஞ்சம் ரத்தத்தில் கரையும், கொஞ்சம் கல்லீரலில் அசிட்டோனாக மாறும். கொழுப்பில் கரைகிற சேர்மங்கள் உடம்பில் தங்கி, அறையை விட்டுப் போன பிறகும் மெல்ல மெல்ல வெளியே வரும். நாள் முழுக்க வார்டில் கிடப்பவரும் இப்போதுதான் உள்ளே நுழைந்தவரும் ஒரே காற்றைச் சுவாசித்தாலும் ஒரே மூச்சை விடமாட்டார்கள்.

சரி, என்னதான் செய்வது? ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே நேரம். ஊதுவதற்கு முன் இரு குழுவினரும் ஒரே அளவு நேரம் அங்கே உட்கார்ந்திருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் அறைக்காற்றிலும் ஒரு மாதிரி. ஒப்பீட்டுக்கு, இருமலென்று அதே புறநோயாளிப் பிரிவுக்கு வந்து, சி.டி. ஸ்கேனில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தவர்களை எடுங்கள். நாளைக்கு இந்தச் சோதனை யாரைப் பிரித்துக் காட்ட வேண்டுமோ, அவர்கள்தானே அவர்கள்? கருவியில் ஓட்டும்போதும் இரு குழுவையும் கலந்து ஓட்டுங்கள். நோயாளிகளை இந்த மாதமும் மற்றவர்களை அடுத்த மாதமும் ஓட்டினால், இடையில் கருவியின் உணர்திறன் நகர்ந்ததைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

இதே வகையில் இன்னொன்று, சிகரெட். புகைப்பவர் மூச்சில் பென்சீனும் அசிட்டோநைட்ரைலும் இருக்கும், அதிலும் அசிட்டோநைட்ரைல் புகைப்பதை நிறுத்திய பிறகும் சில நாள் தங்கும். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளைப் புகைக்காத இளைஞர்களோடு ஒப்பிட்டு, சிகரெட்டைக் கண்டுபிடித்து வெளியிட்ட கட்டுரைகளைப் படித்து அலுத்துவிட்டது.

முதல் மூச்சையும் சேர்த்துப் பிடிப்பது

பெரியவர்களுக்கு முதலில் வெளிவரும் சுமார் 150 மில்லிலிட்டர் வாயிலும் மூச்சுக்குழாயிலும் நின்ற காற்று. ரத்தத்தோடு உறவாடியது அதற்குப் பிறகு வருவது. கார்பன் டை ஆக்சைடு அளவு ஏறி நிலைத்த பிறகு பிடியுங்கள்.

ஊதிய பையை நாளைக்கு என்று எடுத்துவைப்பது

வேண்டாம். மூச்சுப் பிடிக்கும் டெட்லார் என்ற பிளாஸ்டிக் பை தானாகவே ஃபீனாலும் டைமெத்தில் அசிட்டமைடும் விடும்.

மாடிப்படி ஏறி வந்தவரை உடனே ஊதச் சொல்வது

மூச்சில் இயல்பாகவே இருக்கும் ஐசோப்ரீன் என்ற சேர்மம் எகிறிவிடும். உட்காரவையுங்கள்.

நைட்ரிக் ஆக்சைடு எண்ணை மட்டும் பார்ப்பது

மூச்சுக்குழாய் அழற்சியைக் காட்டும் வாயு இது; மூச்சுச் சோதனைகளில் ஆஸ்துமா கிளினிக் வரை வந்து நிலைத்தது இதன் அளவீடு. நொடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற சீரான வேகத்தில் ஊத வேண்டும். வேகம் குறைந்தால் அளவு கூடும், கூடினால் குறையும். மூக்குக் கிளிப் போடாதீர்கள். மூக்குப் பக்கக் குழிகளில் இந்த வாயு ஏராளம், கிளிப் போட்டால் அது தேங்கி வாய்வழி மாதிரியில் கலக்கும். எதிரழுத்தத்தோடு ஊதவைப்பதே அண்ணத்தின் மென்மையான பின்பகுதி மூடி அந்த வழியை அடைக்கத்தான். பலமாக ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி இதற்குப் பிறகு, முன்னால் வேண்டாம்.

அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2011-இல் தந்த வழிகாட்டலில், பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே என்றால் குறைவு, 50-க்கு மேலே என்றால் அதிகம். ஆனால் 20 என்று வந்தவுடன் ‘ஆஸ்துமா இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் அதைக் குறைக்கும், சிகரெட்டும் குறைக்கும், முதல் நாள் இரவு சாப்பிட்ட கீரையோ பீட்ரூட்டோ கூட்டிக் காட்டும். ஈசினோஃபில் என்ற வெள்ளையணு வகை கலக்காத ஆஸ்துமாவில் அது ஏறாமலே இருக்கலாம். கடைசியாக எப்போது இன்ஹேலர் எடுத்தார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டு, எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு அப்புறம் மருத்துவரிடம் அனுப்புங்கள்.