பழங்காலப் பார் மேசையை வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

வீட்டு விருந்துகளுக்கெனப் பழங்காலப் பார் மேசை வாங்க விரும்புபவர், அதன் அழகில் மயங்குமுன் அளவு நாடாவை எடுத்துக்கொள்வது நல்லது. மேசை ஏறத்தாழ 105 செ.மீ. உயரம் என்றால் இருக்கை 75 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 25 முதல் 30 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் உட்காருபவரின் முழங்கால் இடிக்கும்.

அதைவிட முக்கியமானது மேற்பூச்சு. பழைய மரச்சாமான்கள் பலவற்றில் அரக்கு மெருகே பூசப்பட்டிருக்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையக்கூடியது என்பதால், சிந்திய மதுவைத் துடைக்காமல் விட்டால் தழும்பு விழுந்துவிடும். மது பரிமாறவே வாங்கும் மேசைக்கு இது வேடிக்கையான குறைதான். விற்பவரின் அனுமதியுடன், மறைவான ஓரத்தை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தொட்டுப் பாருங்கள்: பிசுபிசுத்தால் அநேகமாக அரக்குதான், மேலே கண்ணாடிப் பலகை இட்டுப் பயன்படுத்தலாம். அடிப்புறத் துளைகளிலிருந்து புதிய மரத்தூள் உதிர்ந்தால், பூச்சி இன்னும் உள்ளே இருக்கக்கூடும் என்பதால் அதை வாங்க வேண்டாம்.