மூடப்போகும் கலை அருங்காட்சியகத்துக்கு அரசுப் பணம் கேட்பது எப்படி

சென்னையில் கூத்து, நாடகம், இசை என்று பொருள்களைச் சேர்த்து வைத்து, இப்போது வாடகை கட்டவே திணறுகிற இடம் எதையாவது நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையெழுத்து இயக்கம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது, காப்பாற்றப்போவது கட்டடத்தையா, உள்ளே இருக்கும் பொருள்களையா என்பது.

லண்டன் கோவென்ட் கார்டனில் 1987-ல் திறந்த தியேட்டர் மியூசியம், நிகழ்கலைகளுக்கான தேசிய அருங்காட்சியகமாகவே இருந்தது. புதுப்பிக்க லாட்டரி நிதி (அங்கே அரசு லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கைப் பாரம்பரியப் பணிகளுக்குத் தருவார்கள்) கேட்டார்கள், கிடைக்கவில்லை, 2007 ஜனவரியில் மூடிவிட்டார்கள். ஆனால் பொருள்கள் அதன் தாய் நிறுவனமான விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போய், 2009-ல் அங்கேயே தனிக் கூடங்களில் மறுபடி காட்சிக்கு வந்தன. அவர்களுக்குத் தாய் நிறுவனம் இருந்தது, உங்களுக்கு இருக்காது. அதனால் இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

அடுத்தது பட்டியல், இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். "விலைமதிப்பற்ற பொக்கிஷம்" என்று எழுதினால் எந்த அதிகாரியும் கோப்பை நகர்த்த முடியாது. எத்தனை கிரீடம், எத்தனை ஹார்மோனியம், எத்தனை சீன் திரை, நாடகக் கம்பெனி நோட்டீஸ்கள் எத்தனை, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது, கொடுத்ததற்குக் கடிதம் இருக்கிறதா, இப்போது என்ன நிலைமை, எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் போட்டோவோடு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஈரக்காற்றில் காகிதமும் துணியும் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நவம்பர் மழைக்கு முன்னால் படமாவது எடுத்துவிடுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? மாநிலத்தில் கலை பண்பாட்டுத் துறை ஒன்று, அருங்காட்சியகங்கள் துறை இன்னொன்று. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார், உங்கள் கோப்பு நடுவில் ஊஞ்சலாடும். இரண்டுமே கோட்டையில் ஒரே செயலாளரின் கீழ் வருவதால், கடிதத்தை அவருக்கு எழுதி இரண்டு துறைக்கும் நகல் போடுங்கள், நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தில் அருங்காட்சியக மானியத் திட்டம் இருக்கிறது, பதிவு பெற்ற டிரஸ்ட்டும் சங்கமும் விண்ணப்பிக்கலாம். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பதிவு, தணிக்கை செய்த கணக்குகள், திட்ட அறிக்கை எல்லாம் தயாராக இருக்கட்டும்.

ஒன்று கவனியுங்கள். மானியம் பெரும்பாலும் காட்சிக்கூடம், பாதுகாப்பு, டிஜிட்டல் வேலை மாதிரியான செலவுகளுக்குத்தான் வரும். காவலாளி சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் வராது, பல இடங்கள் மூடுவதே அதனால்தான். அந்தச் செலவுக்குக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைத் தட்டிப் பாருங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு வரம்புக்குள் வரும் கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், கலை பண்பாட்டுப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு.

நேரமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் துறைகளின் மதிப்பீடு பல மாதம் முன்பே தயாராகிவிடும், பிப்ரவரியில் போய் நின்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். அதற்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போட்டு, நீங்கள் பணம் கேட்கப்போகும் திட்டத்துக்குக் கடந்த மூன்று வருடத்தில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எவ்வளவு சரண்டர் ஆனது, அதாவது செலவாகாமல் திரும்பிப்போனது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அப்படித் திரும்பிப்போன பணம் இருந்தால், அந்தத் தொகையையே உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுங்கள், கையெழுத்துத் தாள்களை அதன் பின்னால் இணையுங்கள்.