வங்கிச் சேவைக்கு லோகோ, நிறம், எழுத்துரு: முதல் தடவை செய்பவர்களுக்கு

துணிக்கடை போர்டு கண்ணை இழுத்தால் போதும். வங்கியின் ஆப்பைத் திறப்பவர் மனதில் ஓடுவதோ வேறு கேள்வி: இது நம்ம பேங்க்தானா, இல்லை எவனாவது ஏமாற்றுகிறானா? அதற்கு ஒரே பார்வையில் பதில் கிடைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

பயிற்சிக்கு, சின்ன ஊர் கூட்டுறவு நகர வங்கி ஒன்று புதிதாக மொபைல் ஆப் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எங்கெல்லாம் தெரியும்?

ஆப் ஐகான், பாஸ்புக் அட்டை, ஏடிஎம் கார்டு, செக், கிளை போர்டு, பணம் கட்டும் சலான், ரப்பர் ஸ்டாம்ப். இவற்றில் எது மிகச் சிறியது, எது மிக மோசமாக அச்சாகும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அனேகமாக ஐகானும் ஸ்டாம்பும்தான். போர்டில் எதுவும் நன்றாகத்தான் தெரியும், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: லோகோ

கறுப்பு வெள்ளையில் வரையுங்கள். நிறம் போட்டால்தான் புரிகிறது என்றால் அந்த வடிவம் தேறாது. அடுத்து, 16 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். மெல்லிய கோடுகள் முதலில் காணாமல் போகும்.

ஸ்டேட் வங்கியின் லோகோவைக் கவனித்திருக்கிறீர்களா? அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் (என்ஐடி) சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்து 1971-ல் வந்தது. ஒரு வட்டம், நடுவில் ஒரு சின்ன வட்டம், அங்கிருந்து கீழே இறங்கும் வெட்டு, அவ்வளவுதான். ஸ்டாம்பில் மை பரவினாலும் அடையாளம் தெரியும். சிட்டி வங்கியின் கதை வேறு. 1998-ல் அதன் தாய் நிறுவனமான சிட்டிகார்ப்பும் காப்பீட்டு நிறுவனமான டிராவலர்ஸும் இணைந்தபோது, டிராவலர்ஸ் லோகோவில் இருந்த சிவப்புக் குடையை வடிவமைப்பாளர் பவுலா ஷெர் ஒரு வளைவாகச் சுருக்கி ஆங்கில 't' எழுத்தின் மேல் வைத்தார். எழுத்தின் வால் குடையின் கைப்பிடி ஆகிவிட்டது. மக்களுக்குப் பழகிய ஒன்றிலிருந்தே புது லோகோ பிறந்தது.

நம் கூட்டுறவு வங்கிக்கும் பழைய பாஸ்புக், பழைய முத்திரை எல்லாம் இருக்கும். அவற்றை முதலில் எடுத்துப் பாருங்கள். நாணயக் குவியல், கைகுலுக்கல், மேலே ஏறும் அம்பு மூன்றும் வேண்டாம். ஆயிரம் பேர் போட்டுத் தேய்த்தாயிற்று.

படி 3: நிறம்

மற்ற வங்கி ஆப்களின் ஐகான்களை ஒரே திரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஸ்டேட் வங்கி, எச்டிஎப்சி என்று நீலத்தில் ஏற்கெனவே நெரிசல். ஐசிஐசிஐ ஆரஞ்சு, ஆக்சிஸ் பர்கண்டி (கருஞ்சிவப்பு). இடைவெளி எங்கே என்று தேடுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பணம் போகவில்லை என்றால் சிவப்பு, போய்விட்டது என்றால் பச்சை என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. பட்டனும் சிவப்பு, பிழைச் செய்தியும் சிவப்பு என்றால் வாடிக்கையாளர் பதறுவார். எனவே இந்த இரண்டையும் செய்திகளுக்கு விட்டுவிட்டு, பிராண்டுக்கு வேறு நிறம் எடுப்பது நல்லது என்பேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாட்டு விகிதம்) வேண்டும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து அங்கேயே அடிபட்டுவிடும்.

படி 4: எழுத்துரு

முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் இலவசம், தாராளமாகப் பயன்படுத்தலாம். தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தட்டச்சு செய்து பாருங்கள்: ₹1,11,711.71. ஒன்றும் ஏழும் குழம்புகிறதா? அப்படியானால் வேண்டாம். எண்கள் எல்லாம் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டேட்மென்டில் மேல்வரியின் ஆயிரமும் கீழ்வரியின் ஆயிரமும் ஒரே நேரில் வராது. ₹ குறி 2010-ல்தான் வந்தது, பழைய எழுத்துருக்களில் அந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியும்.

'நிரந்தர வைப்பு நிதி' என்பதைப் பட்டனில் போட்டுப் பாருங்கள். மேலே கொக்கியும் கீழே சுழியும் இடிக்காதபடி வரி இடைவெளியைக் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் தமிழ் பிதுங்கும்.

படி 5: கார்டும் செக்கும்

கார்டின் அளவு 85.6 × 53.98 மி.மீ. சிப், நெட்வொர்க் சின்னம் (ரூபே, விசா போன்றவை) போக மிச்சம் உள்ள இடம்தான் உங்களுக்கு. செக்கில் சுதந்திரம் இன்னும் குறைவு. சிடிஎஸ்-2010 என்ற செக் தர விதிகள்படி அச்சாகி, ஸ்கேன் ஆன படம்தான் வங்கிகளுக்கிடையே போகிறது. பின்னணி வெளிறி இருக்க வேண்டும். புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் மையிலும் லோகோ அச்சாகும், அதற்கும் உங்கள் வடிவம் தாங்க வேண்டும்.

படி 6: லோகோ வராத இடம்

சாதாரண எஸ்எம்எஸ்ஸில் லோகோவும் இல்லை, நிறமும் இல்லை. அனுப்புநர் பெயரும் இணைய முகவரியும் மட்டும்தான். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' (.bank.in) என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் மோசடியைத் தடுக்கத்தான். எனவே போஸ்டர், கார்டின் பின்பக்கம், ஆப் எல்லாவற்றிலும் முகவரியை ஒரே மாதிரி எழுதுங்கள்.

அப்புறம், வேலையை ஒப்படைக்கும் முன் டிரேட்மார்க் பதிவேட்டில் 36-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள், நிதிச் சேவைகள் அதில்தான் வரும். கிளைகளுக்கு லோகோ கோப்பை மட்டும் அனுப்பாமல் லெட்டர்ஹெட், நோட்டீஸ், விடுமுறை அறிவிப்பு எல்லாவற்றையும் வேர்டில் தயாராகச் செய்து கொடுங்கள். இல்லையென்றால் பொங்கலுக்குள் யாராவது லோகோவைப் பக்கவாட்டில் இழுத்து, கதவில் ஒட்டியிருப்பார்கள்.