ஜெராக்ஸ் கடைக்குப் போகும் பென்டிரைவ்

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய 16 ஜிபி பென்டிரைவைச் சொருகினால் 14.9 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று பதறாதீர்கள். கம்பெனி 1000-ஆல் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஆல், அவ்வளவுதான்.

இடம் இருந்தும் 5 ஜிபி கல்யாண வீடியோ ஏறவில்லையா? பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். சில பழைய டிவிகள் அதைப் படிக்காது, போகட்டும்.

பெரிய தலைவலி வைரஸ்தான். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் மகளின் ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து திறந்தால், ஃபோல்டர் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக நிற்கிறது. அதை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, ஒளிந்துதான் இருக்கும். முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டுங்கள், அப்புறம் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகள், சிஸ்டம் கோப்புகள் இரண்டையும் காட்டச் சொன்னால் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், எனக்கு அப்படித்தான் கிடைத்தது. எடுத்துக்கொண்டு ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் கடைக்கு ஒரு பழைய 4 ஜிபி மட்டும்தான், அதிலும் அந்த ஒரு பிடிஎஃப் மட்டும்.