சமையலறையில் கசிந்த எரிவாயு: என் அனுபவம்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, காபிக்குப் பால் காய்ச்சச் சமையலறைக்குள் நுழைந்தபோது அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றம் அடித்தது. இயல்பில் மணமற்ற சமையல் எரிவாயுவில், கசிவை நாம் உணர்வதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். பழக்கத்தால் விளக்கின் சுவிட்சை நோக்கி நீண்ட கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே தீப்பற்றப் போதுமானது. அம்மா எக்ஸாஸ்ட் விசிறியைப் போடச் சொன்னார்; அதற்கும் சுவிட்சு உண்டே என்று தடுத்தேன்.

இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் வாயில் பாதுகாப்பு மூடியைப் பொருத்திவிட்டுக் கதவு சன்னல்களைத் திறந்தேன். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்குவது என்பதால் சன்னலைவிடக் கொல்லைக் கதவே அதிகம் உதவியது. பிறகு தெருவில் நின்று 1906 என்ற அவசர எண்ணை அழைத்தேன்.

வந்த மெக்கானிக் சோப்பு நீரைத் தடவியதும், ரெகுலேட்டரை ஒட்டிய ரப்பர் குழாயின் வளைவில் குமிழிகள் கிளம்பின. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அக்குழாய் எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருந்தது. பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்ததால் பழையது என்றே தோன்றவில்லை. அன்றே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதிய குழாயை மாற்றினோம். இப்போது இரவில் அடுப்பை மட்டுமன்றி ரெகுலேட்டரையும் மூடிய பின்பே அம்மா உறங்கச் செல்கிறார்.