தொண்டைக்குக் கதிர் சிகிச்சை: ஏழு வாரத்தை விடுபடாமல் முடிப்பது எப்படி

வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை பெரும்பாலும் 35 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 2 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), மொத்தம் 70 கிரே. மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட், பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவருக்கு இத்தனை நாள் போய்வருவது பெரிய பாடு. ஒரேயடியாக வைத்துவிடக் கூடாதா என்று தோன்றும்.

கூடாது. கதிர் பட்ட உயிரணு உடனே சாவதில்லை. உள்ளே டிஎன்ஏ இழை அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டாகப் பிரியும்போதுதான் அறுந்த துண்டுகள் சரியாகப் பங்காகாமல் அந்த உயிரணு மடிகிறது. சில அணுக்கள் ஒன்றிரண்டு முறை பிரிந்த பிறகே மடியும். நல்ல அணு பெரும்பாலான அறுப்பைச் சில மணி நேரத்தில் ஒட்டிக்கொள்ளும், புற்றணுவுக்கு அந்தச் சாமர்த்தியம் பொதுவாகக் குறைவு. தவிர, பிரியும் தறுவாயில் இருக்கும் அணுதான் கதிருக்கு எளிதில் விழும். இன்று தப்பியது இன்னொரு நாள் அகப்படும்.

தொடங்கி மூன்று நான்கு வாரமானதும் மிஞ்சிய புற்றணுக்கள் முன்பைவிட வேகமாகப் பெருகப் பார்க்கும். அந்த நேரத்தில் நாள் விடுவதுதான் கெடுதல். ஆகவே தைப்பூசம், தீபாவளி, கார் ஓட்டுகிறவரின் வேலை நாள் எல்லாவற்றையும் காலண்டரில் முன்பே குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். எம்.சி.யை (மருத்துவ விடுப்புச் சான்று) மொத்தமாகக் கேளுங்கள். தங்க இடம் வேண்டுமானால் மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியைப் பாருங்கள். ஒரு நாள் தவறினால் அன்றே போன் செய்யுங்கள். 6 மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரு முறை வைத்து ஈடுகட்ட வழியுண்டு, அதை முடிவுசெய்வது மருத்துவர்.

பல்லை முதலில் காட்டுங்கள். சொத்தைப் பல்லைக் கதிர் தொடங்க இரண்டு வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பில் பிறகு பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகலாம்.

இரத்தம் குறைவா என்றும் பாருங்கள். பிராணவாயுவைச் சுமப்பது இரத்தம்தான்; அது எட்டாத புற்றணுவைக் கொல்லக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கதிர் வேண்டும். சிகரெட், வெற்றிலை பாக்கு, சம்சு (மலிவுச் சாராயம்) மூன்றும் அன்றே நிற்கட்டும்.

வாயின் உள்தோல் வேகமாகப் பிரிவதால் இரண்டாம் வாரமே புண்ணாகும், கழுத்துத் தோல் மூன்றாம் வாரம் சிவக்கும். ஆறிய கொதிநீர் 1 லிட்டரில் உப்பு 1 தேக்கரண்டி, ஆப்ப சோடா 1 தேக்கரண்டி கலந்து (பேக்கிங் பவுடர் அல்ல) நாளுக்கு ஐந்தாறு முறை கொப்பளியுங்கள். தினமும் புதிதாகக் கலக்கவும். கழுத்தில் மஞ்சள், தைலம், பவுடர் எதுவும் வேண்டாம். வெயிலில் மெல்லிய பருத்தித் துண்டு போதும். சம்பலை மறந்துவிட்டு முட்டை, பருப்பு சேர்த்த கஞ்சி குடியுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள்: முகம் வற்றினால் கதிர் வைக்கும்போது மாட்டும் முகக்கவசம் தளர்ந்து குறி விலகும்.

வெளியிலிருந்து பாய்ச்சும் இந்தக் கதிர் உடம்பில் தங்காது. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

கடைசி நாள் முடிந்து ஒன்றிரண்டு வாரம் புண் இன்னும் மோசமாகும். அறுபட்ட அணுக்கள் அப்போதும் பிரியப் போய் மடிந்துகொண்டிருக்கும், சிகிச்சை தவறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.